கை வீசி நடக்க ஒரு பை

தைப்பூசத்துக்குத் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு நடப்பவர்கள் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் கடக்கிறார்கள். வழியில் குடிக்க எடுத்துப்போகும் ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. அதைக் கையிலேயே பிடித்து நடந்தால் விரல் மரத்துப்போகும்.

குரோஷா ஊசியும் பருத்தி நூலும் இருந்தால், தோளில் மாட்டும் பாட்டில் பையை வீட்டிலேயே பின்னலாம். முதல் சுற்றில் 6 கண்ணி, அடுத்து 12, பிறகு 18. இப்படிக் கூட்டினால் அடிப்பகுதி தட்டையான வட்டமாக வரும். பாட்டில் அளவு வந்ததும் கூட்டுவதை நிறுத்துங்கள். பின்னல் மேலே எழும்பும். தண்ணீரின் எடையில் தோள் வார் நீளும். ஆகவே அதை இறுக்கமாக, இரண்டு விரல் அகலத்தில் பின்னுங்கள். முன்னால் ஒரு பாக்கெட் வைத்தால் செல்போனும் திருநீற்றுப் பொட்டலமும் அடங்கும்.

பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாக்கெட்டுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆகவே பாட்டில்தான் கைகொடுக்கும். பாதயாத்திரை போகும் ஒருவருக்காவது இந்தப் பையைப் பின்னிக் கொடுங்கள். அதுவும் முருகனுக்குச் செய்யும் தொண்டுதான்.