கன்னியாகுமரி போய் வந்தோம்



"கடன் கட்டுற பொம்பளைங்களுக்கு டூர் ஒரு கேடா?"ன்னு ஊரில் பேசினாங்க. குழுப் பணத்தில் ஒரு ரூபாய் தொடலை. வாரம் 20 ரூபாய் தனியா, ஒரு வருஷம் சேர்த்தோம். ஆளுக்கு 1,040 ரூபாய். குடும்பத்தோடு வேன் பிடிச்சோம்.

காலையில் கடலில் சூரியன் உதிக்கிறதைப் பார்த்தோம். சாயங்காலம் அதே ஊரில் அஸ்தமனம். வள்ளுவர் சிலை 133 அடி. குறளில் 133 அதிகாரம்னு என் மகள்தான் கணக்குச் சொன்னா. படகுக்கு நல்ல வெயிலில் வரிசை. யாரும் அலுத்துக்கலை.

எங்க குழுவில் ஒரு அக்காவுக்கு வயசு 61. கல்யாணம், சாவுன்னா மட்டும்தான் ஊர் தாண்டுவாங்க. அலையில் கால் நனைச்சு நின்னவங்க, "உலை வைக்கணுமேங்கிற நினைப்பே வரலைடி" என்றார்கள்.

அடுத்து ராமேஸ்வரம். இந்தத் தடவை மாமியார்களும் 20 ரூபாய் கட்ட ஆரம்பிச்சிருக்காங்க.