ஏற்றப் பாட்டுக்குக் காத்திருந்த பாவலன்

(இளம்பாவலர் அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பாட்டுக்குக் கரு எங்கே கிடைக்கும் என்று வினவுவோர் பலர். அதனை வேற்றுமொழி ஏடுகளில் தேடுவோரும் உளர். மோட்டுவளையை நோக்கிக் கிடப்போரும் உளர். அவர்கள் அனைவரும் கேட்க வேண்டிய செவிவழிச் செய்தி ஒன்று தமிழ்நாட்டில் வழங்குகின்றது.

கம்பன் ஒரு மாலைப்போதில் வயல்வழியே நடந்து சென்றான். ஏற்றம் இறைப்பவன் ஒருவன், மூங்கில் இலைமீது உறங்கும் பனித்துளியைப் பாடினான். அத்துடன் பொழுது சாய்ந்தது, இறைவை நின்றது, பாட்டும் நின்றது. அத்துளி அடுத்து என்னாகும்? பல்லாயிரம் பாடல் யாத்த பாவலனுக்கு விடை தோன்றவில்லை. விடியுமளவும் காத்திருந்து மீண்டும் அங்கே சென்றான். உறங்கும் துளியைக் கதிரவன் வாங்கிக் கொள்கின்றான் என்று அடுத்த அடி வந்தது. கம்பன் வியந்து நின்றான்.

இது நடந்ததோ, புனைந்ததோ, யாதாயினும் ஆகுக. பெரும்புலவனும் உழைப்பவன் வாய்ச்சொல்லுக்குக் காத்திருக்க வேண்டும் என்பது தமிழ்மக்களின் தீர்ப்பு.

அத்தீர்ப்பை முன்னரே உணர்ந்தவர் இளங்கோவடிகள். நெய்தல்நிலப் பாட்டு அவர் கையில் கானல்வரி ஆயிற்று. வேட்டுவரின் வழிபாடு வேட்டுவவரி ஆயிற்று. ஆயர்மகளிர் கைகோத்தாடிய ஆட்டம் ஆய்ச்சியர் குரவை ஆயிற்று. சிலப்பதிகாரத்து வாழ்த்துக்காதையில் மூவேந்தரையும் வாழ்த்த அவர் தேர்ந்தவை எவை? அம்மானைப் பாட்டு, பந்தாடும் பாட்டு, ஊசற் பாட்டு, உலக்கை குற்றும் வள்ளைப் பாட்டு! முடிமன்னரைப் பாடவும் குடிமக்கள் பாட்டே போதும் என்று துணிந்த நெஞ்சம் அது.

இன்றோ உலக்கை மூலையில் கிடக்கின்றது. நெல்லை ஆலை அரைக்கின்றது. ஏற்றம் நின்ற கிணற்றில் மின்பொறி நீர் இறைக்கின்றது. உழைப்பு எளிதானது நன்றே. துலாமரத்தில் ஏறியிறங்கிய கால்களின் நோவை அறிந்தவர் எவரும் அதனை மீண்டும் வேண்டார். ஆனால், சால்களை எண்ணி எண்ணிப் பாடிய பாட்டும் உடன் மறைகின்றதே! பாட்டு மறைந்தால் துலா, சால், வள்ளை என்னும் நற்றமிழ்ச் சொற்களும் வழக்கிழக்கின்றனவே!

நா. வானமாமலை 1964-இல் வெளியிட்ட ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ போன்ற தொகுப்புகளில் இடம்பெற்றவை பிழைத்தன. தாளில் ஏறாதவை பாடியவரோடு சுடுகாடு சென்றன.

ஆதலின், எழுத விழைவோர் முதலில் செவிகொடுக்கக் கற்க வேண்டும். பாட்டியின் தாலாட்டிலும் விடுகதையிலும் கரு உண்டு. தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் வாயிற்கோலத்தில் கரு உண்டு. தச்சர் பட்டறையில் வழங்கும் சொல்லிலும் கரு உண்டு. கேட்டதை அன்றே எழுதுக. சொன்னவர் பெயரையும் ஊரையும் சேர்த்தே எழுதுக. அவர்தம் உடைமையைத் தம் படைப்பென்று கொள்ளற்க.

கம்பனுக்கு ஓர் இரவு கழிந்ததும் அடுத்த அடி கிடைத்தது; பாடியவன் மறுநாளும் வந்தான். இன்று அடுத்த அடியை அறிந்த முதியவர்கள் இன்னும் எத்தனை விடியலுக்கு இருப்பார்கள்?