கோமாரிக்குக் கைமருந்து

மழை விழுந்து புதியம்புத்தூர்க் கரிசல் நெகிழ்ந்துவிட்டால், மாடு வைத்திருப்பவர்கள் விடிந்ததும் குளம்பைத்தான் பார்ப்பார்கள். கோமாரி கண்டால் நாக்கிலும் ஈறிலும் கொப்புளம் கட்டி உடையும், எச்சில் நூலாக வடியும். குளம்பிடுக்கும் புண்ணாகும். அதில் கரிசல் சேறு அப்பி, ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும்.

இதற்கெல்லாம் வீடுகளில் கைப்பக்குவமாக இருந்த மருந்துகளைத் தொகுத்து, அளவு வகுத்துத் தந்தவர் தஞ்சாவூர்ப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி அவர் பரப்பிய முறைகளை, தேசிய பால்வள வாரியம் பல மாநிலங்களுக்குக் கொண்டுபோனது.

வாய்ப்புண் மருந்தைக் கேளுங்கள். சீரகம், வெந்தயம், மிளகு தலா 10 கிராம் எடுத்து அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். மஞ்சள் தூள் 10 கிராம், பூண்டு 4 பல், வெல்லம் 120 கிராம் சேர்த்து அரைத்து, ஒரு முழுத் தேங்காயைத் துருவிப் போட்டுக் கையாலேயே பிசைய வேண்டும். ஒருவர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் நாக்கிலும் அண்ணத்திலும் மெதுவாகத் தடவுவார். வேளைக்கு வேளை புதிதாகச் செய்வதுதான் முறை. வெல்லத்தின் ருசிக்கு மாடு நாக்கைச் சுழற்றும். தேங்காயின் எண்ணெய்ப்பசை புண்ணின் மேல் படியும். குளம்புக்குக் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் எல்லாம் அரைத்து நல்லெண்ணெயில் காய்ச்சி, ஆறவைத்துப் போடுகிறார்கள். சேறும் ஈயும் அண்டாமல் அந்த எண்ணெய் காக்கும். புழு வைத்துவிட்டால் தேங்காயெண்ணெயில் கற்பூரம்.

இந்த மருந்து கோமாரி வைரஸைக் கொல்கிறது என்று சொல்ல நான் துணியமாட்டேன். வளர்ந்த மாடு பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே தேறிவிடும். அதனால், தேறிய மாட்டைக் காட்டி மருந்துக்குப் பேர் வாங்கித் தருவது சரியாகாது. வாய் வெந்து தீவனம் எடுக்காமல் கிடக்கும் அந்த நாட்களில் மாட்டைத் தண்ணீரும் தவிடும் எடுக்க வைப்பதும், புண் அழுகாமல் பார்ப்பதும்தான் இதன் பெருமை. சாதாரணப் பெருமையா அது! நம் பெண்கள் அஞ்சறைப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த வைத்தியம் இது. இதை மனசார மதிக்கிறேன்.

நோயை வராமல் தடுக்கத் தடுப்பூசிதான் வழி. மாடுகளை வாட்டிய வெக்கை நோய் 2011-இல் உலகத்தை விட்டே ஒழிந்தது தடுப்பூசியால்தான். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசே இலவசமாகப் போடுகிறது.

நோய் கண்ட மாட்டை எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டாதீர்கள். மருந்து தடவிய கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் அடுத்த மாட்டைத் தொட வேண்டும். கன்றைத் தாயிடம் ஊட்டவிடாமல் தனியே கட்டுங்கள். இளங்கன்றின் இருதயத்தையே இந்த வைரஸ் தாக்கிவிடும். அங்கே கைமருந்து எட்டாது. அன்றைக்கே கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிடுங்கள்.