கரண்ட் இல்லாத திடலில் மைக் செட்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்தப் பலகைப் பெட்டி மைக் செட் நம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் செய்தது. "கரண்ட் எங்கேருந்து வருது சார்?" என்று ஓர் அம்மா கேட்டார். கீழே இருக்கிற கார் பேட்டரியிலிருந்துதான் அம்மா! 1915-இல் அமெரிக்காவில் ஜென்சன், பிரிதம் என்ற இருவர் ஒலிபெருக்கி செய்தபோதும் பேட்டரியைத்தான் நம்பினார்கள்.

கோவில் திருவிழாவுக்கு வீட்டிலிருந்து ஒயர் இழுத்து 240 வோல்ட்டைத் திடலுக்குக் கொண்டுபோகிறோம். மழை பெய்த மண்ணில், வெறுங்காலோடு ஒரு பிள்ளை மைக்கைப் பிடிக்கிறது. ஒயரின் தோல் எங்காவது உரிந்திருந்தால்? நினைக்கவே நடுங்குது. 12 வோல்ட்டில் அந்த ஆபத்து இல்லை.

கணக்கு இதுதான். 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை மட்டும் எடுங்கள். முழுதும் இறக்கினால் கார் பேட்டரி சீக்கிரம் கெட்டுவிடும். சராசரியாக 4 ஆம்பியர் இழுத்தால் 7 மணி நேரம் ஓடும். 12 வோல்ட்டிலேயே ஓடும் கார் ஆம்பிளிபையர் போதும். இன்வெர்ட்டர் வைத்து 240 ஆக்கினால் பணமும் வீண், ஆபத்தும் திரும்பி வந்துவிடும்.

பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடுங்கள். ஒயர் ஒன்றோடொன்று உரசினால் தீப்பிடிக்காமல் அது காக்கும். முனைகளை ரப்பரால் மூடுங்கள்; ஸ்பேனர் விழுந்தால் கை வெந்துவிடும்.

சார்ஜ் ஏற்றும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். அப்போது வரும் ஹைட்ரஜன் வாயு ஒரு தீக்குச்சிக்கே வெடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைக்கும் தாத்தாமார்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்!