விசாவுக்குக் கொடுக்கும் பணத்தைப் படிப்புக்குக் கொடுங்கள்

(பட்டதாரி இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



சபர் போவது நமக்குப் புதிதல்ல. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் கப்பலேறிய சமுதாயம் இது. பிறகு வளைகுடா வந்தது. அங்கே கடையிலும் சமையற்கட்டிலும் நின்ற வாப்பாமார்களின் உழைப்பில் படித்த பிள்ளைகள் இன்று பி.ஏ., எம்.ஏ. ஆங்கிலம் முடித்து நிற்கிறார்கள். "துபையில் ஆங்கில ஆசிரியர் வேலை இருக்கிறதாம், ஏஜெண்ட் இரண்டு லட்சம் கேட்கிறார், கொடுக்கலாமா?" என்கிறார்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள்! இதைச் சொல்லத்தான் வந்தேன்.

1983ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி, ஆள் அனுப்பும் ஏஜெண்ட் மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். பதிவு பெற்றவர்களின் பட்டியல் அரசின் 'இ-மைகிரேட்' தளத்தில் இருக்கிறது. பட்டியலில் இல்லாதவர் உங்கள் மச்சானுக்கு வேண்டப்பட்டவராகவே இருக்கட்டும், பாஸ்போர்ட்டை அவர் கையில் கொடுக்காதீர்கள். 'விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்பவரையும் நம்பாதீர்கள். நாள் முடிந்தால் அபராதம் கட்டப்போவது அவரல்ல, நீங்கள்தான்.

வேலை எங்கே இருக்கிறது? பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் மையங்களில் பல, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டு பாஸ்போர்ட்டையே கேட்கின்றன. நாம் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அந்த வாசல் நமக்கு எளிதில் திறப்பதில்லை. அநியாயம்தான், ஆனால் அதுதான் நிலைமை. நமக்குத் திறந்திருப்பது பள்ளிக்கூட வாசல். வளைகுடா நாடுகள் அனைத்திலும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டப் பள்ளிகள் இருக்கின்றன. ஜித்தா, ரியாத், தம்மாம் நகரங்களில் பெரிய இந்தியப் பள்ளிகள் உண்டு. இவை கேட்பது ஆங்கிலப் பட்டமும் பி.எட்.டும், கூடவே வகுப்பறை அனுபவமும். ஏஜெண்டுக்குக் கொடுக்கும் இரண்டு லட்சம் இரண்டாண்டு பி.எட்.டுக்குப் பெரும்பாலும் போதும். அந்தப் படிப்பை யாரும் ரத்து செய்ய முடியாது. உள்ளூர்ப் பள்ளியில் இரண்டு வருடம் பாடம் நடத்திவிட்டு விண்ணப்பித்துப் பாருங்கள், மதிப்பே வேறு. வார இறுதியில் முடியும் 'ஆன்லைன்' சான்றிதழ்களை நம்பி இருக்காதீர்கள். மொழி மையங்கள் மதிக்கும் செல்டா சான்றிதழுக்கே 120 மணி நேரப் பயிற்சி. அதில் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன் நின்று நடத்திக் காட்டவேண்டும்.

அடுத்து காகிதங்கள். நம் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒன்று, பட்டத்தில் ஒன்று, பாஸ்போர்ட்டில் வேறொன்று. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதியில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்ததை மறந்துவிடாதீர்கள். பெயரை இப்போதே ஒன்றாக்குங்கள். பிறகு மாநில அரசின் சான்றொப்பம், வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இந்தியா 2005லேயே சேர்ந்துவிட்டது. ஓமானும் பஹ்ரைனும் அதில் உண்டு. 2022 டிசம்பர் முதல் சவூதியும் இருக்கிறது. ஒப்பந்தத்தில் சேராத நாடுகளுக்குத் தூதரக முத்திரையும் வேண்டும்.

மாலத்தீவை யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். தூத்துக்குடியிலிருந்து தோணியில் காய்கறி போகிற அதே தீவுகள்தாம். அங்கே பள்ளிகளில் பாடமொழி ஆங்கிலம். இந்திய ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறார்கள். ஆனால் சில நூறு பேர் மட்டும் வாழும் தீவில் போட்டாலும் போடுவார்கள். எந்தத் தீவு, தங்குமிடம் யார் பொறுப்பு, லீவு டிக்கெட் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள்.

வணிகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். விசாவுக்குக் கைமாற்று கேட்டு வரும் பையனிடம், "பி.எட். சேர், கட்டணத்தை வட்டியில்லாமல் தருகிறேன், சம்பளம் வந்ததும் திருப்பிக் கொடு" என்று சொல்லுங்கள். எம்.ஏ. முடித்து வீட்டில் இருக்கும் நம் பெண்பிள்ளைகளுக்கும் இதையே சொல்லுங்கள். கணவர் வளைகுடாவில் இருந்தால், அவருடன் போகும் பெண்ணுக்கு அங்கேயே பள்ளியில் வேலை கிடைக்க இந்தப் பட்டம் உதவும்.

இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் பெரும்பாலும் ஏப்ரலில் ஆண்டு தொடங்குகிறது. ஆகவே டிசம்பர், ஜனவரியிலேயே பள்ளிகளின் அறிவிப்புகளைத் தேடிப் பார்த்து, நேரடியாகப் பள்ளிக்கே விண்ணப்பியுங்கள்.