பேரேட்டைக் கேட்ட பெண்
(நாச்சியாபுரத்தில் செய்த சொற்பொழிவு)



இது கணக்கு எழுதத் தெரிந்த சீமை. பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய செட்டிநாட்டில், கூட்டாளி பக்திமான் என்பதற்காக யாரும் பேரேட்டைப் பாராமல் விட்டதில்லை. சொந்தப் பணத்துக்கு இவ்வளவு ஜாக்கிரதையாயிருக்கும் நாம், பொதுப் பணத்துக்கு மட்டும் பெரியவர்கள் வாக்கே போதும் என்றிருப்பது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

இப்படிக் கேட்ட ஒரு பெண்ணைப் பற்றியே பேச வந்தோம். அவர் பெயர் சித்ரா சுப்ரமணியம். 1986-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் இந்திய சர்க்கார் ஸ்வீடன் தேசத்துப் போபர்ஸ் கம்பெனியிடம் 410 பீரங்கிகளை ஏறக்குறைய 1,437 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் செய்தார்கள். 1987 ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி, இதில் லஞ்சம் கைமாறியதென்று சொல்லிற்று. தரகரே கிடையாது என்றார்கள் சர்க்கார். வானொலி சொன்னதற்காக நம்புவதும், மந்திரி மறுத்ததற்காக நம்புவதும் ஒரே குருட்டு நம்பிக்கைதான். ஜினீவாவிலிருந்து "ஹிந்து"வுக்குச் சேதி அனுப்பி வந்த சித்ராவோ தஸ்தாவேஜைத் தேடினார். பணம் போன வழியைக் காட்டும் ஆதாரங்களை 1988-ல் அவரும் என். ராமும் பிரசுரித்தார்கள்.

நிற்க, 1989-ல் "ஹிந்து" அத்தொடரை நிறுத்தியபோது அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. வேறு பத்திரிகைகளில் எழுதினார். தஸ்தாவேஜு கொடுத்தவர் பெயரை மட்டும் வெளியிடவேயில்லை. 2012-ல் அவ்விசாரணையை நடத்திய ஸ்வீடன் போலீஸ் அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரம் தாமே வெளிப்பட்டார். ராஜீவ் காந்தி லஞ்சம் வாங்கியதற்கு ஆதாரமில்லை, ஆனால் உண்மை மறைக்கப்பட்டதை அவர் பார்த்துக் கொண்டிருந்தார் என்றும் சொன்னார். வேண்டாதவர் என்பதற்காக இல்லாத குற்றத்தைச் சுமத்தாமலிருப்பதும் பகுத்தறிவேயாகும்.

இத்தொழில் லேசானதல்ல. 1986 அக்டோபரில் நைஜீரியாவின் "நியூஸ்வாட்ச்" ஆசிரியர் டெலி கிவா, லாகோஸில் தம் வீட்டுக்கு வந்த பார்சல் குண்டால் கொல்லப்பட்டார். கொன்றவர் தண்டிக்கப்படவில்லை.

போபர்ஸிலும் நம் நாட்டில் ஒருவரும் தண்டனை அடையவில்லையே, கேட்டு என்ன பலன் என்பீர்கள். 1989 தேர்தலில் அந்த ஆட்சி தோற்றதற்கு இச்சங்கதியும் ஒரு முக்கிய காரணமல்லவா? தண்டிப்பது கோர்ட்டின் வேலை. கேட்பது நம் வேலை. ஆகவே தோழர்களே, கோவில் கணக்கானாலும், பஞ்சாயத்துக் கணக்கானாலும், நமது சங்கத்துக் கணக்கேயானாலும், பேரேட்டைக் காட்டு என்று கேளுங்கள். கேட்டவர்மேல் கோபிக்கிறவரிடம் இன்னொரு முறை கேளுங்கள் என்று சொல்லி முடித்துக் கொள்ளுகின்றோம்.