பாவித்த காரும் பதிவுத்தபாலும்



"பழுதான காரைத் தலையில் கட்டிவிட்டான். இதைக் கேட்க இந்த நாட்டில் சட்டம் இல்லையோ?" வரிப் படிவம் நிரப்ப வரும் உறவுகள் பலர் என்னிடம் கேட்பது இது. சட்டம் இருக்கிறது. ஆனால் வாசித்துக் கையெழுத்து வைத்தவருக்கும், உடனே எழுதி அறிவித்தவருக்கும்தான் அது கைகொடுக்கும். இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

எங்கள் ஆட்களில் பலருக்குக் கார் ஆடம்பரப் பொருள் இல்லை. அதிகாலை நான்கு மணிக்கு வெதுப்பகத்தில் நிற்க வேண்டியவருக்கு முதல் பஸ் வரமுன்னமே வேலை தொடங்கிவிடும். கார் நின்றால் வேலையும் ஆட்டம் காணும்.

சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின் 197ஆம் பிரிவின்படி, விற்ற பொருளில் உள்ள குறைக்கு விற்றவர் பொறுப்பு. "எனக்கே தெரியாது" என்று சொல்லி அவர் தப்ப முடியாது. இந்தப் பொறுப்பின் காலம் முன்னர் ஒரு வருடமாக இருந்தது. 2013 தை முதலாம் திகதியில் இருந்து இரண்டு வருடம். பாவித்த பொருளை ஒரு வியாபாரி எங்களைப் போன்ற நுகர்வோருக்கு விற்கும்போது அதை ஒரு வருடமாகக் குறைக்கலாம், அதற்குக் கீழே குறைக்க முடியாது.

இதோடு நிறுத்தினால் நல்ல சட்டம் என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் 199ஆம் பிரிவையும் பாருங்கள். இரு தரப்பும் ஒப்பந்தத்தில் எழுதினால் இந்தப் பொறுப்பை முழுவதாகவே நீக்கிவிடலாம். ஒரு வருடத்துக்குக் கீழே குறைக்காதே என்ற சட்டமே, அடியோடு நீக்க இடம் விடுகிறது. விசித்திரம்தான், ஆனால் நடைமுறை அதுதான். விற்றவர் குறையைத் தெரிந்துகொண்டே மறைத்திருந்தால் மட்டும் அந்த நீக்கம் செல்லாது. மறைத்தார் என்று நிரூபிப்பது வாங்கியவரின் வேலை.

ஆகவே பாவித்த காரின் ஒப்பந்தத்தில் "ஓனே கரன்ரி", "வீ கெசேன்", பிரெஞ்சுப் பகுதியில் "சான் கரான்ரீ" போன்ற சொற்கள் இருக்கிறதா என்று பாருங்கள். "கேவேர்லைஸ்ருங்" என்ற சொல் இருந்தால் அந்த வரியை இரண்டு தரம் வாசியுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளை ஜேர்மன் நன்றாக வாசிப்பான், ஆனால் சட்ட ஜேர்மன் வேறு. விளங்காவிட்டால் அன்றைக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். கராஜில் கையெழுத்து வைத்த பிறகு பதினான்கு நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு பொதுச் சட்டம் இங்கே இல்லை.

அடுத்தது 201ஆம் பிரிவு. எங்கள் ஆட்கள் அதிகம் தோற்பது இங்கேதான். காரை எடுத்ததும் பரிசோதிக்க வேண்டும். குறை கண்டால், அல்லது மறைந்திருந்த குறை பிறகு தெரியவந்தால், உடனே அறிவிக்க வேண்டும். நீதிமன்றங்கள் பொதுவாக ஏழு நாளை ஓர் அளவாகக் கொள்கின்றன. அதற்கு மேல் போனால், குறையோடு ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும்.

ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். வாங்கி மூன்றாம் கிழமை கியர் பொக்ஸ் இறுகத் தொடங்கியது. கராஜுக்குத் தொலைபேசி எடுத்தார். "அடுத்த கிழமை கொண்டு வா, பார்ப்போம்" என்றார்கள். இப்படியே நான்கு மாதம். கடைசியில், "நீ எங்களுக்கு ஒன்றும் அறிவிக்கவில்லையே" என்று கடிதம் வந்தது. அவர் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. திருத்தச் செலவு முழுவதும் அவர் தலையில். முதல் நாளே குறையை விபரித்துப் பதிவுத்தபால் அனுப்பியிருந்தால் பேச ஒரு பிடி இருந்திருக்கும்.

ஜேர்மனியில் இருக்கும் மச்சான், "ஒரு வருடத்துக்குக் கராஜ்காரன்தான் நிரூபிக்க வேண்டும்" என்பார். அவர் சொல்வது அவருடைய நாட்டுக்குச் சரி. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2022இல் இருந்து அந்த விதி. இங்கே அது இல்லை.

இந்த வேறுபாட்டை வொல்க்ஸ்வாகன் விவகாரம் நன்றாகக் காட்டியது. பரிசோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள், உலகம் முழுவதும் ஏறக்குறைய 1 கோடி 10 இலட்சம் டீசல் கார்களில் இருந்தது 2015 புரட்டாதியில் வெளிவந்தது. ஜேர்மனியில் நுகர்வோர் அமைப்பு கூட்டாக வழக்காடி, 2020 மாசியில் 83 கோடி யூரோவுக்கு உடன்பாடு கண்டது. அதே வருடம் வைகாசியில், பாவித்த கார் வாங்கிய ஒருவருக்கு, ஓடிய தூரத்துக்குக் கழித்து மீதிப் பணத்தைக் கொடுக்கும்படி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது. சுவிசில் ஏறக்குறைய 6,000 பேர் தங்கள் உரிமையை நுகர்வோர் பாதுகாப்பு நிதியத்திடம் ஒப்படைத்தார்கள். சூரிச் வணிக நீதிமன்றம் அந்த வழக்கை விசாரணைக்கே எடுக்கவில்லை. அந்த அமைப்புக்கு இப்படி வழக்காட உரிமை இல்லை என்று கூட்டாட்சி நீதிமன்றமும் 2020 ஆடியில் உறுதிசெய்தது. அத்தனை பேர் சேர்ந்தும் இதுதான் முடிவு. இங்கே அவரவர் கடிதமே அவரவருக்குத் துணை.

இனி, வாங்குமுன் செய்யவேண்டியவை. "விபத்தில் சிக்காதது" என்று வாயால் சொன்னால், அதையும் கிலோமீற்றரையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் தந்த உறுதியைப் பொதுவான "கரன்ரி இல்லை" என்ற வரி இலகுவில் அழிக்காது. வாகனப் பத்திரத்தில் 178 என்ற இலக்கம் இருந்தால், உரிமையாளர் மாற்றத்துக்குத் தடை என்று பொருள். லீசிங் கார்களில் இது இருக்கும். அரச பரிசோதனையான எம்.எவ்.கா. எப்போது முடிந்தது என்று பாருங்கள். ரி.சி.எஸ். போன்ற வாகனச் சங்கத்தில் சுயாதீனமாகப் பரிசோதிக்கலாம். அந்தச் செலவு ஒரு கியர் பொக்ஸின் விலைக்கு முன் சிறியது.

"எங்கட ஆள்தானே, எழுத்து எதற்கு?" என்பார்கள். வாய்மொழி விற்பனையும் சட்டப்படி செல்லும். சட்டப் பொறுப்பும் உண்டு. இல்லாதது சாட்சி மட்டும்தான். கணக்கு எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு பக்கத் தாள் உறவையும் காப்பாற்றும்.

குறை நிரூபணமானால், காரைக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம், அல்லது விலையைக் குறைக்கக் கேட்கலாம். பல ஒப்பந்தங்கள் இதைத் திருத்தித் தருவதோடு மட்டுப்படுத்தும். அதையும் பாருங்கள். கராஜ் மறுத்தால் முதலில் சமரச அதிகாரியிடம் போகலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. 2,000 பிராங் வரையான வழக்கில், நீங்கள் கேட்டால் அவரே தீர்ப்பளிக்கலாம். 2025 தை முதல், 10,000 பிராங் வரை அவர் தீர்வு ஒன்றை முன்வைக்கலாம்.

வாங்கி இரண்டு வருடம் ஆகாத கார் வாசலில் நின்றால், இன்றிரவே அந்த ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து வாசியுங்கள். ஏதும் குறை தெரிந்தால் நாளைக் காலை தபால் கந்தோருக்குப் போங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.